தலைச் சுற்றலும் செவியும்: ஒரு நோய் அறியப்பட்ட வரலாறு

தலை சுற்றுகிறதென்று ஒருவர் சொல்லக் கேட்டால், நம்மவர் உடனே கூறும் காரணங்கள் இரண்டு மூன்றே. பித்தம் ஏறிவிட்டது என்பர். உடலில் இரத்தம் குன்றிவிட்டது என்பர். சற்று நகர வாழ்க்கை பழகியவராயின் 'பிரஷர்' என்பர். இவற்றுள் ஒன்றும் பொருந்தாவிடின், கண்ணேறு என்றோ காற்றுக் கறுப்பு என்றோ கூறி, கையில் ஒரு கயிற்றைக் கட்டி அனுப்புவாரும் உளர். காதிலே கோளாறிருக்கலாம் என்று சொல்வாரைக் காண்பது அரிது. இதன் பொருட்டு நம்மவரை மட்டும் குறை கூறுதல் நேர்மையாகாது. ஐரோப்பாவின் பேர்பெற்ற வைத்தியக் கல்லூரிகளிலும் 1861-ஆம் ஆண்டு வரை, தலைச் சுற்றலுக்குச் செவியே காரணமாதல் கூடும் என்று துணிந்து கூறியவர் அநேகமாக இல்லை.

தலைச் சுற்றலில் பல வகையுண்டு. நாம் எழுதப் புகுந்தது அவற்றுள் ஒன்றைப் பற்றியே. விடியற்காலையில் பாயில் ஒருபுறமாகப் புரண்ட மாத்திரத்தில் கூரையும் சுவரும் சுழலத் தொடங்குகின்றன. கண்ணை இறுக மூடிக்கொண்டாலும் சுழற்சி நிற்பதில்லை; வயிற்றைக் குமட்டுகிறது. ஒரு நிமிடம் ஆவதற்குள் எல்லாம் அடங்கிப்போகிறது. எழுந்து உட்கார்ந்தால் மீண்டும் ஒரு சுற்று. பிறகு ஒன்றுமில்லை. உயரத் தட்டிலிருந்து ஒரு டப்பாவை எடுக்க அண்ணாந்தாலும், கூந்தலை அலசக் குனிந்தாலும் அது திரும்பி வருகிறது. நீண்ட கம்பின் நுனியில் அரிவாள் பூட்டிச் செம்பனைக் குலை அறுப்பவர், குலையை நோக்கித் தலையை அண்ணாத்திய அளவில் கால் தடுமாறி விழப் பார்ப்பார். தலையை நிமிர்த்தி, அசையாமல் உட்கார்ந்திருக்கும் வரையில் யாதொரு துன்பமுமில்லை.

இந்நோயின் கொடுமை இங்கேதான் இருக்கிறது. காலைப் பெரட்டுக்கு வராதவர் பெயருக்கெதிரே காரணம் எழுதும் வேலை நம்மைப் போன்ற தோட்டத்துக் கிராணிமார்க்கு உரியது. 'தலைச் சுற்று' என்று எழுதப்பட்ட ஒரு மாது பத்து மணிக்கு வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருப்பதைக் காண்பவர் என்ன நினைப்பர்? 'நன்றாகத்தானே இருக்கிறாள், வேலைக்கு வர மனமில்லை' என்றே நினைப்பர். வீட்டிலுள்ளோரும் அவ்விதமே நினைக்கத் தலைப்படுவர். மருத்துவரிடம் சென்றாலோ, அவர் நாற்காலியில் உட்கார வைத்து, நாடி பிடித்து, இரத்த அழுத்தம் பார்த்து, ஒன்றுமில்லை என்பார். உட்கார்ந்திருப்பவரிடம் உண்மையாகவே ஒன்றும் காணப்படாது. படுக்க வைத்துப் பார்த்தாலன்றி வெளிப்படாத நோயை, உட்கார வைத்தே பார்த்துக்கொண்டிருந்தமையால், வைத்திய உலகம் நெடுங்காலம் அதைக் காணாமலே போயிற்று.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐரோப்பிய வைத்தியர் கொண்டிருந்த கொள்கை யாதெனில், தலைச் சுற்றல் மூளையில் இரத்தம் மிகுதியாகத் தேங்குவதால் உண்டாவது என்பதாம். வலிப்பு, பக்கவாதம் ஆகியவற்றின் இனத்திலேயே இதனையும் சேர்த்து வைத்திருந்தனர். காரணம் இரத்தத் தேக்கம் என்றால் மருந்து என்னவாக இருக்கும்? இரத்தத்தை வெளியேற்றுவதே மருந்து! நரம்பைக் கீறியும், அட்டைகளைக் கடிக்கவிட்டும் இரத்தம் எடுத்தனர், பேதிக்குக் கொடுத்தனர். முன்னமே தள்ளாடிக்கொண்டிருந்த நோயாளி இச்சிகிச்சைக்குப்பின் எழுந்து நிற்கவும் வலுவற்றவராவார் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

அதே காலத்தில், பிரெஞ்சு தேசத்தில் பியர் புளூரான்ஸ் என்னும் உடலியல் அறிஞர் புறாக்களை வைத்து ஒரு சோதனை செய்தார். உட்செவியில் மூன்று சிறிய அரைவட்டக் குழல்கள் உண்டு. அவை கேள்விப் புலனுக்கு உரியவை என்றே அதுகாறும் அனைவரும் நம்பியிருந்தனர். 1820-களில் புளூரான்ஸ் புறாக்களின் இக்குழல்களை ஒவ்வொன்றாக அறுத்துப் பார்த்தார். புறாக்களின் கேள்வி கெடவில்லை. ஆனால், கிடைமட்டமான குழலை அறுத்தபோது புறா தன் தலையை இடமும் வலமுமாக ஆட்டிற்று. செங்குத்தான குழலை அறுத்தபோது தலையை மேலும் கீழுமாக ஆட்டிற்று. எந்தத் தளத்தில் குழல் இருந்ததோ அந்தத் தளத்திலேயே தலையும் ஆடியது. இவ்வளவு தெளிவான சான்று கையில் கிடைத்தும், உடலின் சமநிலையைக் காக்கும் பொறி இதுவே என்னும் முடிவுக்கு அவர் வந்தாரில்லை. அவர் கண்டது உடலியல் நூல்களில் அடங்கிக் கிடந்தது. நோயாளிகளைப் பார்த்து வந்த வைத்தியர்க்கு அதனால் ஒரு பயனும் விளையவில்லை.

இவ்விரண்டையும் இணைத்தவர் பிராஸ்பர் மெனியேர். இவர் 1838-ஆம் ஆண்டு முதல் பாரிஸ் நகரத்துச் செவிட்டூமையர் பள்ளியில் மருத்துவராக இருந்தவர். நாள்தோறும் காது நோய்களையே பார்த்து வந்தவருக்கு ஒரு செய்தி திரும்பத் திரும்பக் கண்ணிற் பட்டது. திடீரெனத் தலை சுற்றி, வாந்தியெடுத்து, கீழே விழுந்தவர்களிற் பலர், அதே வேளையில் காதில் இரைச்சல் கேட்டதாகவும் கேள்வி மந்தமானதாகவும் கூறினர். மூளையில் இரத்தம் தேங்கியதே காரணமாயின் காது ஏன் மந்தமாக வேண்டும்? மேலும், மூளை நோயாளிகள் நாளடைவில் கை கால் முடங்கி மடிவர். இவர்களோ ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருந்தனர். 1861-ஆம் ஆண்டு ஜனவரி 8-ஆம் நாள் பாரிஸ் வைத்தியக் கழகத்தின் முன் அவர் தம் கட்டுரையைப் படித்தார். குளிர் காலத்து இரவில் குதிரை வண்டியின் வெளிப்புற இருக்கையில் பயணம் செய்து, திடீரெனச் செவிடாகி, தலைச் சுற்றலால் வருந்தி, ஐந்தாம் நாள் இறந்த ஓர் இளம்பெண்ணின் செய்தியையும் அவர் எழுதினார். உடலை அறுத்துப் பார்த்தபோது மூளையில் ஒரு குறையும் காணப்படவில்லை. அரைவட்டக் குழல்களிலோ செந்நிறமான ஒரு பொருள் நிறைந்திருந்தது. அப்பெண்ணுக்கிருந்தது வேறொரு நோயென்று பிற்காலத்து அறிஞர் கருதுவதுண்டு. ஆயினும், புளூரான்ஸின் புறாக்களை நினைவிற்கொண்டு மெனியேர் காட்டிய வழி செவ்விய வழியே. அவர் சொல்லுக்கு அன்று பெரிய வரவேற்பு ஏதும் கிடைக்கவில்லை. அடுத்த ஆண்டிலேயே, 1862-இல், அவர் காலமானார். காதிரைச்சலும் செவிட்டுத் தன்மையும் கூடி மணிக்கணக்கில் நீடிக்கும் தலைச் சுற்று நோய் இன்று அவர் பெயராலேயே வழங்குகிறது. நாம் மேலே விவரித்த, படுக்கையில் சில நொடி வந்து மறையும் நோய் அதனின் வேறானது. இவ்விரண்டையும் ஒன்றெனக் கொண்டு மயங்குவோர் இன்றும் பலர்.

குழல்கள் வேலை செய்யும் முறையை 1870-ஆம் ஆண்டுக்குப்பின் வந்தவர்கள் விளக்கினர். வியன்னாவில் ஜோசப் பிராயர், பிராகில் எர்ன்ஸ்ட் மாக், எடின்பரோவில் கிரம் பிரவுன் ஆகிய மூவரும் ஒருவரையொருவர் கலந்துகொள்ளாமலே, 1873 முதல் 1875 வரையிலான ஆண்டுகளில் ஏறக்குறைய ஒரே முடிவுக்கு வந்தனர். ஓர் அறையின் மூலையில் இரண்டு சுவர்களும் தரையும் ஒன்றுக்கொன்று செங்கோணமாகச் சந்திப்பதைப் போல, மூன்று குழல்களும் மூன்று தளங்களில் அமைந்திருக்கின்றன. ஒவ்வொன்றிலும் நீர் நிரம்பியிருக்கிறது. வாளி நீரை வாளியோடு திடீரெனத் திருப்பினால் வாளி முன்னும் நீர் பின்னுமாக நிற்பதை யாவரும் கண்டிருப்பர். தலையைத் திருப்பும்போது குழல் நீரும் அவ்விதமே பின்தங்கி, குழலின் அடியிலுள்ள மெல்லிய தடுப்பொன்றை வளைக்கிறது. அவ்வளைவை நரம்புகள் மூளைக்கு அறிவிக்கின்றன. மூளை அதனைக் கண்ணுக்கு அறிவித்து, தலை ஒருபுறம் திரும்பக் கண் மறுபுறம் நழுவும்படி செய்கிறது. நடந்துகொண்டே நாம் ஒருவர் முகத்தைத் தெளிவாகப் பார்க்க இயல்வது இதனாற்றான். ஆகவே செவியின் கோளாறு கண்ணிலே தெரியும்! பொய்யாகக் குழல் நீர் அசையுமானால், கண்ணும் பொய்யான திருப்பத்தை நம்பி மெல்ல நழுவும், மூளை அதனை வெடுக்கென்று மீட்கும், மீண்டும் நழுவும். நழுவுவதும் வெட்டுவதுமாகிய இக்கண்ணதிர்வை மருத்துவர் 'நிஸ்டக்மஸ்' என்பர்.

கண்ணதிர்வைக் கொண்டு செவியைப் படிக்கும் கலையை வளர்த்தவர் ராபர்ட் பாரனி. இவரைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறோம். 1876-இல் வியன்னாவிற் பிறந்த இவர், இளமையில் எலும்புருக்கி நோய் கண்டு ஒரு முழங்காலை மடக்க இயலாதவரானார். காது மருத்துவச் சாலையில் இளைய மருத்துவராக இருந்தபோது, காதைக் கழுவுதற்காகப் பீச்சாங்குழலால் நீர் செலுத்துவது அவருடைய அன்றாட வேலைகளுள் ஒன்று. நீர் செலுத்திய பின்பு சிலர் தலை சுற்றுகிறதென்பர். அவர்கள் கண்களைப் பார்த்தால் அதிர்வு தெரியும். ஒருநாள் ஒரு நோயாளி, நீர் போதிய அளவு சூடாயில்லாவிட்டால்தான் தமக்குத் தலை சுற்றுகிறதென்று கூறினார். வேறொருவராயின் நோயாளி உளறுகிறார் என்று விட்டிருப்பர். பாரனியோ அச்சொல்லைக் கருத்திற் கொண்டார். பின்னர் நீர் அளவு மீறிச் சூடாயிருந்த வேளையில் கண்ணைப் பார்த்தார். அதிர்வு முன்போலன்றி எதிர்த்திசையிற் சென்றது!

குளியலறை அடுப்பில் நீர் காயும்போது அடிநீர் குளிர்ந்தும் மேல்நீர் சூடாகவும் இருப்பது அப்போது அவர் நினைவிற்கு வந்ததாம். சூடு பட்ட நீர் மேலெழும். குளிர்ந்த நீர் கீழிறங்கும். காதிற்குள் செலுத்திய நீரின் வெப்பமும் குளிர்ச்சியும் குழல் நீரை அவ்வாறே ஓடச் செய்கின்றன என்று அவர் முடிவு செய்தார். ஆகவே, எந்தக் காதில் நீர் செலுத்தியும் கண் அதிரவில்லையோ அந்தக் காதின் குழல்கள் செத்துவிட்டன என்று அறியலாம். (1983-இல் விண்வெளிக் கலத்தில், எடையற்ற நிலையிலும் இவ்வதிர்வு உண்டாகக் கண்டமையால், பாரனியின் விளக்கம் முழு விளக்கமாகாது என்பது பின்னர் தெரிந்தது. சோதனையின் பயனுக்கு அதனால் குறைவில்லை.) 1914-ஆம் ஆண்டிற்குரிய நோபல் பரிசு இவருக்கு அளிக்கப்பட்டது. பரிசுச் செய்தி வந்த வேளையில் அவர் எங்கேயிருந்தார்? முதல் உலகப் போரில் ஆஸ்திரியப் படைக்கு மருத்துவராகச் சென்று, ருஷ்யரிடம் சிறைப்பட்டு, நடு ஆசியாவிலுள்ள மெர்வ் நகரத்துக் கைதிகள் முகாமில் இருந்தார். சுவீடன் தேசத்து இளவரசர் கார்ல் செஞ்சிலுவைச் சங்கத்தின் வாயிலாகத் தலையிட்டதன் பேரில், 1916-இல் விடுதலையானார். வியன்னாவுக்குத் திரும்பியவரை மாலையிட்டு வரவேற்றார்களோ? இல்லை. பிறருடைய ஆராய்ச்சிகளை எடுத்துக் கூறாது மறைத்தார் என்று சக மருத்துவர்கள் குற்றம் சாட்டினர். மனம் வெறுத்த அவர் சுவீடன் சென்று, உப்சாலாப் பல்கலைக் கழகத்தில் பணி ஏற்று, 1936-இல் இறக்கும் வரை அங்கேயே வாழ்ந்தார்.

நாம் எடுத்துக்கொண்ட நோயை முதன்முதலாகச் செம்மையாக வருணித்தது உப்சாலாவில் வாழ்ந்த இந்தப் பாரனியே. 1921-இல் அவர் எழுதிய குறிப்பு இருபத்தேழு வயதுப் பெண் ஒருவரைப் பற்றியது. படுக்கையில் புரளும்போதெல்லாம் தமக்குத் தலை சுற்றுவதாக அப்பெண் கூறினார். வலப்புறமாகப் படுத்தால் மட்டுமே சுற்றல் வருகிறதென்பதைப் பாரனியின் உதவி மருத்துவர் கவனித்தார். அவ்விதம் படுக்க வைத்துக் கண்ணைப் பார்த்தனர். கண்கள் உருண்டு சுழன்று அதிர்ந்தன. சுமார் அரை நிமிடத்தில் அதிர்வு அடங்கிற்று. அடங்கியவுடனே மறுபடியும் தலையை வலப்புறம் திருப்பினால் ஒன்றும் நேரவில்லை. சற்று நேரம் வேறு விதமாகப் படுத்திருந்து திரும்பினாலே மீண்டும் வந்தது. அப்பெண் பொய் சொல்லவில்லை என்பதற்குக் கண்களே சாட்சி கூறின. கண்களை அவ்விதம் உருட்டி நடிக்க எவராலும் இயலாது. உட்செவியிலுள்ள கற்பொடிப் பையின் நோய் இதுவென்று பாரனி எழுதினார். அது பாதி உண்மை. மறு பாதி தெரிய இன்னும் அரை நூற்றாண்டு செல்ல வேண்டியிருந்தது.

பாரனியின் குறிப்பைப் பலர் படித்தும், ஒரு நோயாளியைக் கொண்டு ஒரு நோயை நிலைநாட்ட முடியவில்லை. அதனை நிலைநாட்டியவர் இலண்டன் நகரத்துக் குவீன் ஸ்குவேர் நரம்பு நோய் மருத்துவமனையைச் சார்ந்த இருவர். ஒருவர் மார்கரெட் டிக்ஸ் அம்மையார். அறுவை மருத்துவராக விளங்க வேண்டுமென்று பயின்று வந்தவர். இரண்டாவது உலகப் போரில் இலண்டன் மீது நடந்த விமானத் தாக்குதலில் முகம் காயமுற்று, கண்ணாடித் துகள்கள் கண்ணிற் பாய்ந்தமையால், அறுவைத் தொழிலைக் கைவிட நேர்ந்தது. தம் கண்ணிற் காயம்பட்ட அவ்வம்மையார், பிறர் கண்ணைப் பார்த்து நோயறியும் துறைக்கு வந்தார். மற்றவர் சார்லஸ் ஹால்பைக். இன்று பாகிஸ்தானிலுள்ள மரீ என்னும் மலையூரில் 1900-இல் பிறந்த ஆங்கிலேயர். மெனியேர் நோயில் உட்செவி நீர் பெருகி அறைகள் வீங்குவதை 1938-இல், கெய்ர்ன்ஸ் என்னும் மருத்துவருடன் சேர்ந்து எடுத்துக் காட்டியவரும் இவரே.

1952-இல் டிக்ஸும் ஹால்பைக்கும் வெளியிட்ட கட்டுரை, இந்நோயுற்ற நூறு பேரை ஆராய்ந்தது. அதில் அவர்கள் விவரித்த சோதனையே இன்றும் அவர்கள் பெயரால் உலகெங்கும் நடைபெறுகிறது. நோயாளியைக் கட்டிலின் மேல் காலை நீட்டி உட்கார வைக்கிறார்கள். மருத்துவர் அவர் தலையை இரு கைகளாலும் பற்றி, ஐயமுற்ற காதின் பக்கமாக நாற்பத்தைந்து பாகை திருப்புகிறார். கண்களைத் திறந்தே வைத்திருக்கும்படி சொல்லி, விரைவாகப் பின்னே சாய்த்துப் படுக்க வைக்கிறார். தலை மட்டும் கட்டில் விளிம்புக்கு வெளியே சற்றுத் தாழ்ந்து தொங்கும்படி பிடித்துக்கொள்கிறார். பிறகு கண்ணையே பார்த்திருக்கிறார். முதல் இரண்டு மூன்று நொடி ஒன்றும் தெரியாது. அவசரக்காரர் இங்கேயே 'ஒன்றுமில்லை' என்று எழுப்பிவிடுவர்! பொறுத்திருந்தால், கண்கள் நெற்றியை நோக்கி வெட்டி எழுவதும், அவற்றின் மேல்முனை கீழுள்ள காதின் பக்கம் உருண்டு திரும்புவதும் தெரியும். நோயாளி கட்டிலைப் பற்றிக்கொண்டு கூவுவார். அதிர்வு பெருகி, பின் தணிந்து, ஒரு நிமிடத்துக்குள் அடங்கும். எழுப்பி உட்கார வைத்தால் எதிர்த்திசையிற் சிறிது அதிரும். உடனே மறுமுறை செய்தால் முன்னினும் குறைவாகவே வரும்.

தாமதித்துத் தொடங்குதல், விரைவில் அடங்குதல், திரும்பச் செய்தால் களைத்துப்போதல் ஆகிய இவையே இந்நோயின் முத்திரைகள். மூளையிலுள்ள கட்டியினாலோ வேறு கேட்டினாலோ உண்டாகும் அதிர்வு பெரும்பாலும் தாமதியாது, அந்நிலையில் வைத்திருக்கும் வரை நீடிக்கும், களைப்பதுமில்லை. ஆகவே அஞ்சத்தக்க நோயினின்று அஞ்சவேண்டாத நோயைப் பிரித்தறிய ஒரு கட்டிலும், இரு கைகளும், பார்க்கும் கண்களும், சிறிது பொறுமையும் போதுமென்றாயின. காதின் எலும்புக்குள் ஆழப் புதைந்துள்ள ஓர் உறுப்பின் கோளாற்றைக் கத்தியின்றி, கதிரின்றி, ஒரு காசு செலவுமின்றிக் காட்டும் இச்சோதனையை நாம் மருத்துவ உலகின் பெரும் செல்வங்களுள் ஒன்றாகவே மதிக்கிறோம்.

இதில் ஒரு விந்தையுண்டு. சோதனை சரியாக அமைந்த வேளையில் காரணம் இன்னும் தெரியாதிருந்தது. டிக்ஸும் ஹால்பைக்கும் பாரனியைப் பின்பற்றி, கற்பொடிப் பையே கெட்டுவிட்டது என்றிருந்தனர். இறந்தவர்களின் காதெலும்பை மெல்லிய ஏடுகளாகச் சீவி நுண்ணோக்கியில் ஆராய்ந்த அமெரிக்க மருத்துவர் ஹரால்ட் ஷுக்னெக்ட், இந்நோயிருந்தவர்களின் பின்புற அரைவட்டக் குழலில், முன்னர் நாம் கூறிய மெல்லிய தடுப்பின் மேல் துகள் படிந்திருக்கக் கண்டு 1969-இல் எழுதினார். உட்செவியிலுள்ள பையொன்றில் சுண்ணக்கட்டி எப்பொருளோ அதே கால்சியம் கார்பனேட்டாலாகிய நுண்ணிய படிகங்கள் இயற்கையாகவே உண்டு. புவியின் இழுப்பை உணர்தற்கு அவை வேண்டியவை. முதுமையினாலோ, தலையில் பட்ட அடியினாலோ, பல வேளைகளில் காரணம் ஏதும் தெரியாமலோ, அவை பிய்ந்து அரைவட்டக் குழலுக்குள் விழுந்துவிடுகின்றன. வேண்டிய இடத்தில் இருந்தால் உறுப்பு. இடம் மாறி விழுந்தால் நோய்.

ஆனால் துகள் தடுப்பில் ஒட்டிக்கொண்டிருக்குமாயின், தலை தாழ்ந்திருக்கும் வரை சுற்றல் நீடிக்க வேண்டுமன்றோ? அது ஏன் ஒரு நிமிடத்தில் அடங்குகிறது? கனடா தேசத்தில், அங்கேயும் இலண்டன் என்றே பெயர் கொண்ட ஒரு நகரத்தில், ஹால், ரூபி, மக்ளூர் ஆகிய மூவர் 1979-இல் இதற்கு விடை கூறினர். துகள்கள் ஒட்டியிருக்கவில்லை, குழல் நீரில் தனியே கிடக்கின்றன என்பது அவர்கள் துணிபு. படுத்தவுடன் துகள்கள் குழலின் தாழ்ந்த இடத்தை நோக்கி இறங்குகின்றன. இறங்கும்போது நீரையும் இழுக்கின்றன. அசையத் தொடங்கச் சில நொடிகள் ஆவதால் தாமதம். அடியைச் சேர்ந்தவுடன் அடக்கம். கலைந்து சிதறியிருப்பின் மறுமுறை இழுப்புக் குறைவு. மூன்று முத்திரைகளுக்கும் ஒரே விளக்கம் பொருந்திற்று. 1992-இல் அதே நகரத்துப் பார்னஸும் மக்ளூரும், அறுவைச் சிகிச்சையின்போது உயிருள்ள மனிதரின் குழலைத் திறந்து, துகள்கள் நீரில் மிதக்கக் கண்டனர். எல்லா நோயாளிகளுக்கும் பின்புறக் குழலே காரணமென்பதில்லை, பெரும்பாலோர்க்கு அதுவே. கிடைமட்டக் குழலில் துகள் விழுந்தவர்க்கு மல்லாந்து படுத்தபடியே தலையை இருபுறமும் உருட்டிப் பார்க்க வேண்டும். கண்ணும் பக்கவாட்டிலேயே அதிரும்.

துகள் தனியே கிடக்கிறதென்றால் அதனை வெளியே உருட்டிவிட முடியாதா என்று நினைத்தவர் அமெரிக்காவில் ஆரிகன் மாநிலத்துப் போர்ட்லந்து நகரத்து மருத்துவர் ஜான் எப்ளி. நெகிழிக் குழாய்களால் உட்செவியைப் போன்ற மாதிரியொன்று செய்து, அதனை எப்படியெப்படித் திருப்பினால் உள்ளே போட்ட உருண்டைகள் வெளிவரும் என்று பார்த்தார். டிக்ஸ்-ஹால்பைக் சோதனையில் படுத்த நிலையிலிருந்து, தலையை மெல்ல மறுபுறம் திருப்பி, உடலையும் உருட்டி, முகம் தரையை நோக்கச் செய்து, பின் எழுப்பி உட்கார வைப்பதே அவர் கண்ட முறை. சில நிமிட வேலை. 1980-இல் அவர் இதனை மருத்துவர் கூட்டமொன்றில் எடுத்துக் காட்டியபோது சிலர் எழுந்து வெளியேறினர். அவர் எழுதியனுப்பிய கட்டுரை திரும்பி வந்துகொண்டேயிருந்தது. ஆண்டுக்கணக்காகத் தீராத நோயைத் தலையை உருட்டித் தீர்ப்பதாவது! மந்திரவாதியின் வேலை போல் அவர்களுக்குத் தோன்றியது போலும். எதை நம்பலாகாது என்று கற்றவர்கள், எதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்பதை மறந்துவிட்டனர். கட்டுரை அச்சேறியது 1992-இல். அதன்பின் பல நாடுகளில் நோயாளிகளை இரு கூறாக்கி, ஒரு கூறுக்கு இம்முறையையும் மற்றக் கூறுக்குப் பொய்யான உருட்டலையும் செய்து பார்த்து, எப்ளியின் முறை பயனுடையதே என்று நிலைநாட்டினர். 2019-இல் அவர் இறந்தபோது அவர் பெயர் உலகத்துக் காது மருத்துவர் அனைவரும் அறிந்ததாயிருந்தது.

அமெரிக்கக் காது மூக்குத் தொண்டை மருத்துவர் கழகம் 2008-இல் இந்நோய் பற்றிய நெறிமுறையொன்றை வெளியிட்டு, 2017-இல் அதனைப் புதுக்கிற்று. பின்புறக் குழல் நோயை டிக்ஸ்-ஹால்பைக் சோதனையால் அறிதல் வேண்டும். வேறு அறிகுறி இல்லாதவிடத்து மூளையைப் படமெடுக்க வேண்டுவதில்லை. தலைச் சுற்றலை மட்டுப்படுத்தும் மாத்திரைகளை வழக்கமாகக் கொடுத்தல் ஆகாது என்பன அதன் சாரம். மாத்திரை குழலிலுள்ள துகளை அசைக்காது. தூக்கத்தையும் தள்ளாட்டத்தையுமே மிகுவிக்கும். நம் பக்கத்திலோ, இந்நோய்க்கு முதலிற் கிடைப்பது இன்றும் மாத்திரைப் பொட்டலமே. ஒரு மாத்திரைக்குப்பின் மற்றொன்றாக மூன்றாண்டுகள் உண்டு, முதுகில் தலையணை அடுக்கி உட்கார்ந்தே உறங்கப் பழகிவிட்ட முதியவள் ஒருவரை நாம் அறிவோம். அம்மூன்றாண்டுகளில் ஒருவரும் அவரைப் படுக்க வைத்துக் கண்ணைப் பார்த்ததில்லை.

இங்கு ஓர் எச்சரிக்கை கூறாவிடின் நாம் தீங்கிழைத்தவராவோம். தலைச் சுற்றல் எல்லாம் துகளால் வருவதன்று. அசையாதிருக்கும்போதும் விடாது சுற்றினாலோ, பேச்சுக் குழறினாலோ, பொருள்கள் இரண்டாகத் தெரிந்தாலோ, முகம் கோணினாலோ, ஒரு கையோ காலோ வலுவிழந்தாலோ, முன்பின் இல்லாத கடுந்தலைவலி உடன் வந்தாலோ, அது மூளையின் இரத்தக் குழாயைப் பற்றியதாதல் கூடும். ஒரு நாழிகையும் தாமதியாது மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். கழுத்தெலும்பில் நோயுள்ளவரைத் தலை தொங்கப் படுக்க வைத்தல் ஆபத்து. ஆதலின், இதனைப் படித்துவிட்டு வீட்டிலுள்ளோர் தலையைப் பிடித்துச் சாய்த்துப் பார்க்க எவரும் முற்பட வேண்டாம். பயின்றவர் கையாலேயே நடைபெற வேண்டும்.

மருத்துவரிடம் செல்லும் நேயர்கள் செய்யத்தக்கது வேறுண்டு. 'தலை சுற்றுகிறது' என்று மட்டும் சொல்லி நிறுத்தினால், இரத்த அழுத்தம் பார்ப்பதோடு அவர் நிறுத்திவிடக்கூடும். எப்புறம் புரளும்போது வருகிறது, எத்தனை நொடி நிற்கிறது, அண்ணாந்தால் வருகிறதா, குனிந்தால் வருகிறதா, காதில் இரைச்சலோ மந்தமோ உண்டா, அண்மையில் தலையில் அடிபட்டதுண்டா என்பவற்றை வீட்டிலேயே ஒரு தாளிற் குறித்துக்கொண்டு போய்ச் சொல்லுக. படுக்க வைத்துப் பார்க்கலாமா என்று பணிவுடன் கேட்பதிலும் தவறில்லை. அவ்விடத்தில் இயலாதென்றால், காது மூக்குத் தொண்டைப் பிரிவுள்ள மருத்துவமனைக்குக் கடிதம் தரும்படி கேட்டு வாங்கிச் செல்லுக.